வடக்கு மாட வீதியில் ஒரு வீடு

போன வாரம் நீரஜாவைக் கபாலி கோயில் வாசலில், செருப்பு விடுகிற இடத்தில் நிறுத்திவிட்டு வந்தோம். கையில் அர்ச்சனைத் தட்டு. பக்கத்தில் அம்மா பூமா, பட்டுப் புடவையில், என்றைக்கும் இல்லாத சிரிப்போடு.

சிரிக்காமல் என்ன செய்வாள்? வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு. வடக்கு மாட வீதியில், பால்கனியில் நின்றால் கோபுரம் தெரிகிற வீடு. "அறுபத்து மூவர் அன்னிக்குக் கூட்டத்துல இடிபட வேண்டாம், எல்லாரும் நம்மாத்துக்கு வந்துடுங்கோ" என்று சொந்தக்காரர் ஒருத்தர் பாக்கியில்லாமல் போன் போட்டுச் சொல்லியாயிற்று.

நீரஜாவுக்குக் கோபுரம் தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி. அவளுக்கு வேண்டியது, "கிளம்பு" என்று யாரும் சொல்ல முடியாத ஒரு வீடு. எட்டு வருஷத்துக்கு முன்னால் கோடம்பாக்கத்தில் புருஷன் ஸ்ரீநாத் அப்படித்தான் சொன்னான். "இது எங்கப்பா கட்டின வீடு. பிடிக்கலைன்னா கிளம்பு." ஒரு சூட்கேஸோடு கிளம்பி வந்தாள். விவாகரத்து வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து அம்மாவோடு சித்திரக்குளம் பக்கம் வாடகை வீட்டில் வாசம். அதையும் இடித்துக் கட்டப் போகிறேன், காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

தரமணியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் கணக்குப் பிரிவுக்கே தலைவி நீரஜா. ஆக, கடனுக்கு அவள் சம்பளம். முன்பணத்துக்கு அவளுடைய கல்யாண நகை. அலைச்சலுக்கு மட்டும் தம்பி குருபிரசாத். பாலவாக்கத்தில் மனைவி ஸ்நேஹாவோடு வாடகைக்கு இருக்கிறான். "நீ ஆபீஸைப் பாரு அக்கா. பேப்பர் வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான்.

பார்த்துக்கொண்டான். எப்படிப் பார்த்துக்கொண்டான் என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

கற்பகாம்பாள் சந்நிதியில் அன்று கூட்டம் அதிகமில்லை. பத்திர நகலின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தாள் பூமா. அந்தக் குடும்பத்தில் எதை வாங்கினாலும் முதலில் அம்பாள் காலடிக்குத்தான் போகும். குரு கார் வாங்கியபோது சாவி வந்தது. இப்போது பத்திரம்.

குருக்களுக்கு நீரஜாவைப் பாவாடை கட்டிய வயசிலிருந்து தெரியும்.

"வீடு வாங்கறேளாமே? பேஷ்! பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

"பாரத்வாஜ கோத்ரம், ஹஸ்த நட்சத்திரம், குருபிரசாத்" என்றாள் பூமா.

குருக்கள் அடுத்த பேருக்காகக் காத்திருந்தார். பூமா கண்ணை மூடிக்கொண்டு கும்பிட ஆரம்பித்துவிட்டாள்.

"நீரஜா பேர் சொல்லலையே?"

"அவ கோத்ரம் வேற மாமா. புக்காத்துக் கோத்ரம், கௌசிகம்."

"அதனாலென்ன? அதையும் சேர்த்துச் சொல்லிட்டாப் போச்சு."

"இல்லை மாமா" என்றாள் பூமா, கண்ணைத் திறக்காமலே. "வீடு யார் பேர்ல வாங்கறமோ, அவா பேர் மட்டும் போறும்."

சந்நிதியில் நின்று பொய் சொல்லக்கூடாது என்கிற பயம் பூமாவுக்கு. பெற்ற பெண்ணிடம் இத்தனை நாள் மறைத்தபோது அந்தப் பயம் எங்கே போயிருந்ததோ, அம்பாளுக்கே வெளிச்சம்.

நீரஜா தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குங்குமம் வாங்கிக்கொண்டாள். பிராகாரத்துக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா, பத்திரத்துல என் பேர் இல்லையா?"

"கோயில்ல வெச்சுச் சண்டை போடாதேடீ."

"சண்டை போடலை. கேக்கறேன்."

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான். உன் கேஸ் இன்னும் முடியலை. நாளைக்கு அந்த ஸ்ரீநாத் வந்து எனக்கும் பங்கு உண்டுன்னு நின்னா என்ன பண்றது?"

"நிக்க முடியாது. நான் சம்பாதிச்சு வாங்கறதுல பங்கு கேக்க அவனுக்கு ஒரு பாத்யதையும் கிடையாது. வக்கீல் சொன்னதை உங்கிட்டயும் சொன்னேனே!"

"வக்கீல் ஆயிரம் சொல்லுவா."

"அப்போ அக்ரிமென்ட் போட்ட அன்னிக்கே குரு பேர்ல மட்டும்தானா?"

பூமா தட்டில் இருந்த வாழைப்பழத்தைச் சரிசெய்தாள்.

அந்த நாள் நீரஜாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "உனக்கு இன்னிக்கு மூணாம் நாள். வெத்தலை பாக்கு மாத்தற எடத்துக்கு நீ வராதே. குரு பாத்துப்பான்" என்று பூமாதான் வீட்டில் உட்காரவைத்தாள். நீரஜாவுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. முதல் முதலாக வீடு வாங்குகிறோம், அம்மா மனசு நோகவேண்டாமே என்று இருந்துவிட்டாள். கடன் படிவங்களைக் குரு ஒரு காலை நேரத்தில் கொண்டுவந்து நீட்டினான். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். ஆபீஸில் ஒரு டாக்சி பில்லை மூன்று தடவை படிக்கிறவள், இட்லித் தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்காமலே போட்டுக் கொடுத்தாள். தம்பிதானே!

"உன் பேரும்தான் இல்லை" என்றாள் நீரஜா.

"எனக்கெதுக்கு? என் பிள்ளை பேர்ல இருந்தா என் பேர்ல இருந்த மாதிரி."

கோயிலை விட்டு வடக்கு மாட வீதிக்கு வந்தார்கள். காய்கறிக்காரர்களையும் பூக்கடைகளையும் தாண்டி, ஒருத்தர் முன்னும் ஒருத்தர் பின்னுமாக நடந்தார்கள். வீட்டில் தரகர் வடிவேலு சாவியோடு காத்திருப்பதாக ஏற்பாடு. குரு அங்கேயே வருகிறேன் என்றிருந்தான். மத்தியானம் மூன்று பேருமாக வங்கிக்குப் போய்க் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டாவது மாடி. இரண்டு படுக்கையறை. வடிவேலு கதவை அகலத் திறந்துவைத்தார்.

"வாங்க மாமி, வாங்க மேடம்! பால்கனியாண்ட போய்ப் பாருங்க. தேரு நேரா நம்ம வூட்டுக்குக் கீழ வந்து நின்னுட்டுத்தான் போவும். இந்த ஏரியாவுல இப்டி ஒரு வீடு சிக்கறது கஸ்டம்."

பூமா பால்கனிக்கு ஓடினாள். அங்கிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நீரஜா ஹாலில் நின்றாள். சன்னல் வழியாக வந்த காற்றில் சாம்பிராணி வாசனை கலந்திருந்தது. வீடு பிடித்துத்தான் இருந்தது. அதை ஒளிப்பானேன்? இந்த மூலையில் அலமாரி, அந்தச் சன்னலுக்குக் கீழே படிக்கிற மேசை என்று பத்து நாளாக மனசுக்குள் சாமான் நகர்த்திக்கொண்டிருந்தவள்தானே.

"ஏசி பாயின்ட்டு ரெண்டுக்கும் எலக்ட்ரீசன்கிட்ட சொல்ட்டேன் மேடம்" என்றார் வடிவேலு. "இது சாரும் அவங்க வூட்டம்மாவும் இருக்கற ரூமு. அது மாமிக்கு. சாரு நேத்தே வந்து எல்லாம் காட்டிட்டுப் போய்ட்டாரு."

"எனக்கு?"

வடிவேலு திருதிருவென்று விழித்தார். "இன்னா மேடம் இப்டி கேக்கறீங்க? நீங்கதான் உங்க வூட்டுக்காரரோட சேந்துடப் போறீங்களாமே. சாரு சொன்னாரு. நல்ல விசயம்தானே. வந்தா போனா தங்கறதுக்கு ஹாலு கீது, இம்மாம் பெருசா..."

சொல்லும்போதே ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "கீழ வண்டி குறுக்கால நிக்கிது, பாத்துட்டு வர்றேன்" என்று நழுவினார்.

படியில் அவரைத் தாண்டிக்கொண்டு குரு வந்தான். கையில் இளநீர், அம்மாவுக்கு.

"ஸ்ரீநாத்கிட்ட பேசினயா?" என்றாள் நீரஜா.

குரு பால்கனிப் பக்கம் பார்த்தான். பூமா வேகமாக வெளியே கோபுரத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு மூணு தடவை பேசினேன்க்கா. ஆளு ரொம்ப மாறிட்டான். தனியாத்தான் இருக்கான், கஷ்டப்படறான்..."

"சமைச்சுப் போட ஆள் வேணுமாக்கும்."

"ஏன் இப்படியே பேசறே? அம்மாவும் அதைத்தான் ஆசைப்படறா. உனக்கும் வயசாறது. கடைசிக் காலத்துல ஒரு துணை வேண்டாமா?"

"எனக்குத் துணை தேடறதுக்கு, என் நகையை வித்து உன் பேர்ல வீடா? நன்னாருக்குடா நியாயம்!"

"நகை நகைன்னு சொல்லிக் காட்டாதே. லோன் நானும்தானே கட்டப் போறேன். மொதல்ல கொஞ்ச நாள் நீ கட்டு. எனக்குக் கை சரியானதும் நான் எடுத்துக்கறேன்."

எட்டு வருஷமாகக் குருவுக்குக் கை சரியாகவில்லை. அவன் காருக்கு முதல் தவணை கட்டியது யார் என்று நீரஜா கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

"சரி. நான் ஸ்ரீநாத்கிட்ட போகலை. போகவே மாட்டேன். அப்போ இந்த வீட்டுல நான் எங்க படுத்துக்கறது?"

பதில் பால்கனியிலிருந்து வந்தது.

"ஏன், ஹால்ல படுத்துக்கோயேன். நீதான் கார்த்தால நாலரைக்கே எழுந்துடறயே. யாருக்கும் தொந்தரவில்லை" என்றாள் பூமா. குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே அவளுக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. அதைத்தான் நீரஜாவால் தாங்க முடியவில்லை. வேண்டுமென்றே சொல்லியிருந்தால்கூடத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

ஸ்ரீநாத் வீட்டில் அவளுக்கு அரை அலமாரியாவது இருந்தது.

"வங்கிக்கு நாழியாறது. வாங்கோ" என்றாள் நீரஜா.

அவள் அடங்கிவிட்டாள் என்று குரு நினைத்துக்கொண்டான். கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே இறங்கினான். இளநீரை அம்மாவுக்குக் கொடுக்க மறந்து அங்கேயே வைத்துவிட்டான்.

லஸ் பக்கத்தில் அந்த வங்கிக் கிளை. கடன் பிரிவில் வஜீஹா என்று ஓர் அதிகாரி. நீரஜாவை முன்பின் பார்த்ததில்லை. போனில் ஒரு தடவை பேசியதோடு சரி. பூமாவை வாசல் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அக்காவும் தம்பியும் அவர் எதிரே உட்கார்ந்தார்கள்.

வஜீஹா காகிதக் கட்டைத் திருப்பி வைத்தார். பேனாவையும் நகர்த்தினார்.

"கையெழுத்துக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் ஒண்ணு கேட்டுக்குவேன். மேடம், வீடு தம்பி பேர்ல. நீங்க கடனுக்கு மட்டும் கூட்டு. அவர் கட்டலைன்னா முழுசையும் உங்ககிட்டதான் கேப்போம். ஆனா வீட்டுல உங்களுக்கு உரிமை கிடையாது. தெரிஞ்சுதானே போடறீங்க?"

"தெரியும் மேடம். வீட்ல எல்லாம் பேசியாச்சு" என்றான் குரு.

"நான் அவங்களைக் கேட்டேன் சார்."

நீரஜா பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். குரு மூச்சு விட்டான்.

"ஒரு சந்தேகம்" என்றாள் நீரஜா. "இவர் இல்லாம, நான் தனியாக் கேட்டா இந்தக் கடன் கிடைக்குமா?"

"அக்கா!"

வஜீஹா கணினியைப் பார்த்தார். "உங்க சம்பளத்துக்குக் கிடைக்கும். ஆனா வீட்டை விக்கறவர் உங்க பேருக்குப் புதுசா ஒப்பந்தம் போட்டுத் தரணும். நீங்களும் மறுபடி விண்ணப்பம் கொடுக்கணும். நாளாகும்."

"நான் இல்லாம, இவர் தனியாக் கேட்டா?"

வஜீஹா குருவைப் பார்த்தார். பிறகு காகிதங்களைப் பார்த்தார். "அதை சார்கிட்ட நான் தனியாச் சொல்றேனே."

குருவின் முகம் கறுத்துவிட்டது. குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "இங்க பாரு, தமாஷ் பண்ணாதே. வெள்ளிக்கிழமை பதிவு நடக்கலைன்னா முன்பணம் அம்போ. உன் நகைதான் போகும்."

"போகட்டும்."

"மயிலாப்பூர்ல இனிமே ஜன்மத்துக்கும் வீடு கிடைக்காது."

"வேண்டாம்."

"அம்மாவை நினைச்சுப் பாத்தியா? சொந்தக்காரா எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கா."

நீரஜா பேனாவை மூடி, வஜீஹாவின் பக்கம் நகர்த்தினாள். "மன்னிக்கணும் மேடம். நான் போடலை."

வஜீஹா காகிதக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வாசலுக்கு வந்ததும் குரு கத்தினான். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஸ்ரீநாத்தை வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கேன். எல்லாரும் சேர்ந்து நல்லபடியா முடிக்கலாம்னு பாத்தேன். இப்போ அவன்கிட்ட நீயே பதில் சொல்லிக்கோ!"

நீரஜா போனை எடுத்து வடிவேலுவைக் கூப்பிட்டாள்.

"வீட்டை விக்கறவர் எனக்குத் தனியாக் கொடுப்பாரான்னு கேட்டுச் சொல்லுங்கோ. என் ஒரே பேர்ல."

"கேக்கறேன் மேடம். ஆனா அவரு ஒரே பேச்சுல நிக்கறாரு. வெள்ளிக்கிழமை தாண்டிச்சுன்னா வேற பார்ட்டி ரெடியா கீது. அப்பால என்னைச் சொல்லக்கூடாது."

போனை வைத்தபோது பூமா எதிரே நின்றாள். குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்கு வரை இறங்கியிருந்தது.

"எம் பிள்ளையைத் தெருவுல நிறுத்திட்டயே, உனக்குத் திருப்திதானே?"

"அம்மா..."

"பேசாதே. தம்பிக்குச் செய்ய மனசு வரலை. உன்னையெல்லாம் அந்த ஸ்ரீநாத் எட்டு வருஷம் கழிச்சும் கூப்பிடறானே, அவன் நல்லவன். உன்னோட இனிமே ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன். குரு, வண்டியை எடு. உங்காத்துக்குப் போலாம்."

குரு சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"இப்பவாம்மா?"

"இப்பவேதான். மாத்துப் புடவைகூட வேண்டாம். ஸ்நேஹாவோடதைக் கட்டிக்கறேன்."

"இல்லம்மா... ஸ்நேஹாவோட அப்பா அம்மா வந்திருக்கா. எடம் கொஞ்சம் இடைஞ்சல். அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுண்டு சொல்றேனே. ஞாயித்துக்கிழமை வேணா நானே வந்து..."

"நான் பால்கனியில படுத்துக்கறேன்டா."

"அதுக்கில்லம்மா. ஆபீஸ் போன் வேற வந்துண்டே இருக்கு. சாயங்காலம் பேசறேன்."

போய்விட்டான். கார் லஸ் முனையில் சிக்னலுக்கு நின்று, பச்சை விழுந்ததும் திரும்பியது. பூமா அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை என்றானே தவிர, எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லவில்லை.

சொல்லிக் காட்ட நீரஜாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. இத்தனை வருஷமாக வாங்கிக் கட்டிக்கொண்டதற்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு வார்த்தை. எதிர்ப்பட்ட ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"ஏறும்மா."

பூமா நகரவில்லை.

"இன்னாம்மா, ஏறுவாங்களா மாட்டாங்களா?" என்றார் ஆட்டோக்காரர். "பின்னாடி பஸ்காரன் ஆரன் அடிச்சிக்கினே கீறான்."

பூமா ஏறினாள். மகளின் புடவை தன்மேல் படாமல் ஓரமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டோ கிளம்பி, கச்சேரி ரோட்டில் திரும்பியது. பூமா தெருவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"உன் பேர்ல வீடு வாங்கினா அந்த வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன், தெரிஞ்சுக்கோ. இப்போ வரது வாடகை ஆத்துக்கு. அதை இடிக்கற வரைக்கும்தான் உன்னோட. அதுக்கப்பறம் எனக்குப் பொண்ணே கிடையாது."

'பிள்ளை மட்டும் உண்டா?' என்று கேட்க நீரஜாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

கேட்கவில்லை. தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அம்மா அதற்காகத்தான் அழுதுகொண்டிருந்தாள்.